பால் ஊற்றிய மீன்தொட்டி

2024 ஜூன் 9, ஞாயிற்றுக்கிழமை. ஞாயிறு என்றால் என் வீட்டு மீன்தொட்டிக்குத் தண்ணீர் மாற்றும் நாள். அன்று விடியுமுன் அண்ணன் வீட்டில் பால் காய்ச்சுகிறார்கள் என்பதற்காக அந்த வேலையை நான் தள்ளிப்போடவில்லை. முன்னதாக எழுந்து முடித்தேன். விளக்கைப் போட்டு, மீன்கள் வெளிச்சத்துக்குப் பழகும்வரை காபி குடித்தேன். முதல் நாளே பிடித்து வைத்திருந்த தண்ணீரைக் கொண்டு தொட்டித் தண்ணீரில் மூன்றில் ஒரு பங்கை மாற்றினேன். வாலிஸ்னேரியா என்ற நீர்ச்செடியில் பழுத்த இலைகளைக் கத்தரித்தேன். கண்ணாடியின் உள்பக்கத்தைத் துடைத்தேன். பிறகுதான் குளித்து, பட்டுச்சேலை கட்டிக்கொண்டு, வீட்டைப் பூட்டினேன்.

அண்ணனின் புது வீடு என் வாடகை வீட்டிலிருந்து இரண்டு தெரு தள்ளி இருக்கிறது. எங்கள் குடும்பம் தச்சு வேலைக் குடும்பம். அண்ணன் உளியை வைத்துவிட்டுக் கட்டட ஒப்பந்தக்காரர் ஆகிப் பல வருடமாகிறது. நான் கல்லூரி வேதியியல் ஆய்வகத்தில் வேலை பார்க்கிறேன். கல்யாணம் செய்துகொள்ளவில்லை; மீன் வளர்க்கிறேன். இந்த இரண்டுக்கும் தொடர்பு இருப்பதாக எங்கள் உறவினர்கள் முடிவு செய்து வைத்திருக்கிறார்கள்.

மார்ச் மாதம் ஒரு நாள் அண்ணன் என் தொட்டியின் முன்னால் கையைக் கட்டிக்கொண்டு வெகுநேரம் நின்றார். அதற்குமுன் ஆறு வருடமாக அதை அவர் பார்த்ததே இல்லை.

"இதே மாதிரி, இதவிடப் பெருசா, ஹால் சுவத்துல பதிச்சு வைக்கணும்மா. வீடு பாக்க வர்ற பார்ட்டி அப்படியே அசந்துரணும். என்ன ஏதுன்னு நீ எழுதிக் குடு."

எழுதிக் கொடுத்தேன். நாலரை அடி நீளம். கீழே மரப்பெட்டிக்குள் கேனிஸ்டர் ஃபில்டர்: மூடிய வாளி போன்றது, ஒரு குழாய் வழியாகத் தண்ணீரை இறக்கி, உள்ளே பஞ்சு அடுக்குகளில் வடிகட்டி, இன்னொரு குழாய் வழியாக மேலே அனுப்பும். ஃபில்டர் என்றால் குப்பையைப் பிடிக்கும் சல்லடை என்று நினைக்கிறார்கள். அது பாதி வேலை. மீனின் கழிவிலிருந்து வரும் அமோனியா மீனுக்கே விஷம். அந்த விஷத்தைத் தின்று முறிக்கும் பாக்டீரியா பஞ்சில் ஊறி வளர வேண்டும். அதற்கு ஆறு வாரமாவது ஆகும். அதுவரை செடி மட்டும். பிறகு நாலைந்து பிளாட்டி மீன். தண்ணீரைச் சோதித்துப் பார்த்துக்கொண்டு, மாதம் ஒரு கூட்டமாக மற்றவை. எங்கள் பக்கத்து ஆழ்குழாய்த் தண்ணீர் கடினமானது. அதில் சந்தோஷமாக இருக்கிற மீன்களை மட்டும் குறித்திருந்தேன். கடைசி வரியை அடிக்கோடிட்டிருந்தேன்: கோல்டு ஃபிஷ் கூடாது. அது செடியைப் பிடுங்கும், தின்றதையெல்லாம் கழிவாக்கும், அந்த அளவுத் தொட்டி அதற்குப் போதாது.

அண்ணன் எல்லாவற்றுக்கும் "சரி" என்றார். அண்ணன் வாதாடினால் காது கொடுத்திருக்கிறார் என்று பொருள். சரி என்றால் கொடுக்கவில்லை.

முதலில் மரப்பெட்டி வந்தது. இடித்த பழைய வீடு ஒன்றிலிருந்து வாங்கிய பர்மா தேக்கு. மூலைக்கு மூலை பொருத்தம், மயிரிழை இடைவெளி இல்லை, தேன் நிறத்தில் பாலிஷ். அழகுதான். ஆனால் ஃபில்டர் குழாய்கள் போக வழியில்லை. படத்தில் இரண்டு வட்டம் போட்டுச் சிவப்பு மையில் குறித்துக் கொடுத்திருந்தேன்.

"ரெண்டே ரெண்டு ஓட்டை, அண்ணே. ஒரு ரூபாக் காசு அகலம்."

"இந்த மரத்துலயா? நூறு வருசம் நின்ன உத்தரம் இது. இதுல போய் ஓட்டை போடச் சொல்ற. அப்பா இருந்தா உன் கைய ஒடச்சிருப்பாரு."

"அப்பா சாவித் துவாரம் இல்லாமக் கதவு செஞ்சாரா?"

"அது கதவு."

அத்தோடு வாதம் முடிந்தது. கேனிஸ்டர் ஃபில்டர் பிரிக்கப்படாத அட்டைப்பெட்டியோடு மாடிப்படிக்குக் கீழே போனது. அண்ணனுக்கு வேண்டிய பதிலை மீன் கடைக்காரர் வைத்திருந்தார். "ஏர் மோட்டர் ஒண்ணு போதும் சார். குமிழி வந்தா மீனு குஷியா இருக்கும்." குமிழி விட்டுக்கொண்டே வாயைத் திறந்து மூடும் பிளாஸ்டிக் முதலை ஒன்றையும் சேர்த்து விற்றார். இவர் கையில் வாரந்தோறும் எத்தனை மீன்கள் சாகின்றனவோ, அத்தனையும் குஷியாகத்தான் செத்திருக்கும்.

முதலையை எடுத்து வெளியே வைத்துவிட்டு, காற்றில் இயங்கும் பஞ்சு ஃபில்டர் ஒன்றைச் செடிகளுக்குப் பின்னால் நானே பொருத்தினேன். வண்ணப்பூச்சு, பாலிஷ் என்று இழுத்து, தொட்டியில் தண்ணீர் விட்டதே விழாவுக்குப் பத்து நாள் முன்னால்தான். பஞ்சு கடையில் வாங்கியபடியே வெள்ளையாக இருந்தது. அதில் ஒன்றும் ஊறியிருக்கவில்லை. ஆறு வாரத்துக்கு மீன் விடக்கூடாது என்று அண்ணனிடம் சொன்னேன்.

"சரி" என்றார்.

ஞாயிறு விடியற்காலை வாழைமரமும் சீரியல் விளக்குமாக வீடு நின்றது. உள்ளே தொட்டியில் செடிகள் நிமிர்ந்து, தண்ணீர் இருப்பதே தெரியாத தெளிவோடு இருந்தது. ஒரு மணி நேரம் அப்படி இருந்தது என்பதை இங்கே பதிவு செய்கிறேன்.

அப்போது சீர் வந்தது. மதினி, அதாவது அண்ணன் மனைவி, கல்லல் ஊர்க்காரர். அங்கே மரக்கடை வைத்திருக்கும் அவருடைய அண்ணன், ஒன்பது தாம்பாளத்தோடு மேளம் முன்னால் வர இறங்கினார். வெற்றிலை, பழம், தேங்காய், வேட்டி சேலை, வெள்ளிக் குத்துவிளக்கு. ஒன்பதாவது தாம்பாளத்தில், நீலச் சாயம் கலந்த தண்ணீர் நிரம்பி, ரப்பர் பேண்டு போட்ட பாலிதீன் பை. அதற்குள் ஒன்பது கோல்டு ஃபிஷ். பையைச் சுற்றி மல்லிகைச் சரம். பைக்குக் குங்குமப் பொட்டு.

"தங்கச்சி வீட்டுக்குப் போற மீனு, சும்மா போகலாமா? தங்கமாப் போகட்டும்னு தேடிப் பிடிச்சு வாங்கியாந்தேன்" என்றார். பொட்டு வைக்கத் தோன்றிய மனிதருக்கு, பையை ஒரு தடவை நிழலில் வைக்கத் தோன்றவில்லை.

அண்ணனைக் கதவோரம் இழுத்துப் போனேன். "அண்ணே, இத விடாதீக. எங்க வீட்டுல வச்சு வளத்துத் தாரேன்."

"சீரா வந்தத வெளிய அனுப்பச் சொல்றியா? அவுக முகத்துல நான் எப்படி முழிக்கிறது?"

பக்கத்தில் இருந்த எங்கள் அத்தை, அப்பாவின் தங்கை, இதைக் கேட்டுவிட்டார். ஊரில் நடக்கும் எந்த விசேஷத்திலும் என்ன குறை என்று கண்டுபிடிப்பதற்காகவே பட்டுச்சேலை கட்டுகிறவர்.

"உள்ளதான்டி விடணும். வந்த உசுரு வீட்டுக்குள்ள நல்லபடியா இருந்தாத்தான் வீடு நல்லா இருக்கும். என்னமும் ஆச்சுன்னாத்தான் யோசிக்கணும். இவுக வீட்டுச் சீரு ஏற்கெனவே நமக்குத் தெரியும்ல."

தெரியும். மதினியின் கல்யாணத்தில் வந்த குத்துவிளக்கின் தண்டில் ஒரு விரிசல் இருந்தது. இருபத்திரண்டு வருடமாகிறது. அப்பாவுக்கு இருதய நோய் வந்தது, அண்ணன் ஒரு வேலையில் நஷ்டப்பட்டது, மதினிக்கு முதல் பிள்ளை தங்காமல் போனது, எல்லாவற்றுக்கும் அத்தை அந்த விளக்கைத்தான் கூப்பிட்டார். மதினி வாய் திறந்து நான் பார்த்ததில்லை. இப்போது அவர் பிறந்த வீட்டிலிருந்து ஒன்பது உயிர்கள் வந்திருக்கின்றன. பால் காய்ச்சிய அன்றே அதில் ஒன்று மிதந்தால், மதினி சாகும்வரை அந்த ஒன்றைப் பற்றிக் கேட்டுக்கொண்டிருக்க வேண்டும். சற்றுத் தள்ளிக் கோலத்தில் விளக்கேற்றிக்கொண்டிருந்த மதினி நிமிரவில்லை. தீக்குச்சி மட்டும் இரண்டு தடவை அணைந்தது.

முகூர்த்த நேரத்தில் பையைக் கத்தரித்துக் கவிழ்த்தார்கள். பையைச் சிறிது நேரம் தொட்டித் தண்ணீரில் மிதக்க விட்டுச் சூட்டைச் சமன்படுத்துங்கள் என்றேன். நேரம் தாண்டிவிடும் என்றார் ஐயர். மீன்கள் நீலத் தண்ணீரோடும் ஒரு மல்லிகைப் பூவோடும் உள்ளே விழுந்தன.

அடுப்பில் பால் பொங்கியது. சாமிக்கு வைத்தார்கள், எல்லோருக்கும் கொடுத்தார்கள். அத்தை டம்ளரோடு தொட்டியின் பக்கம் நடந்ததை நான் பார்த்தேன். கூட்டத்தில் எட்ட முடியவில்லை.

"இதுகளும் இந்த வீட்டு உசுருதான?" என்று ஒரு டம்ளர் பாலை உள்ளே ஊற்றினார்.

கூட்டம் சிலிர்த்துப் போயிற்று. ஒரு அம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அண்ணன் கைகூப்பினார். இத்தனை பேரில் ஒருவருக்குக்கூட மீன் பால் குடிக்குமா என்ற கேள்வி வரவில்லை. புகைப்படக்காரர் மட்டும் திருப்தி இல்லாமல் இருந்தார்.

"அம்மா, மறைச்சுட்டாக. இன்னொருக்கா ஊத்துங்க, கேமராவப் பாத்து."

அத்தை கேமராவைப் பார்த்து இன்னொரு டம்ளர் ஊற்றினார்.

பால் தண்ணீரில் என்ன செய்யும் என்பதைச் சுருக்கமாக எழுதுகிறேன், இதைப் படிக்கிற யாராவது ஊற்றாமல் இருக்கட்டும். கொழுப்பு மேலே படலமாகப் படிந்து காற்றைத் தடுக்கும். மீதி அழுகும். அழுக வைக்கிற கிருமிகள் தண்ணீரில் உள்ள பிராணவாயுவை மீனுக்கு முன்னால் எடுத்துக்கொள்ளும். பிறகு அமோனியா. ஒன்பது கோல்டு ஃபிஷ்ஷின் கழிவு அதற்கு மேல் கணக்கு.

மதியப் பந்தி நடந்தபோது தொட்டி கஞ்சித் தண்ணீர் மாதிரி ஆகியிருந்தது. மீன்கள் எல்லாம் மேலே வந்து வாயை வெளியே நீட்டி நீட்டி இழுத்துக்கொண்டிருந்தன. இலையிலிருந்து எழுந்து கை கழுவப் போனவர்கள் அதைப் பார்த்துவிட்டுப் போனார்கள். "பசிக்குது போல. ஏய், மீனுக்குக் கொஞ்சம் சோறு போடுங்கப்பா" என்றார் ஒருவர். நான் அந்தப் பக்கத்திலேயே நின்று சோற்றைத் தடுத்தேன். பாயசம் எனக்குக் கிடைக்கவில்லை.

பாத்திரம் கழுவும் இடத்தில் மதினி வந்து என் முழங்கையைப் பிடித்தார்.

"மறைக்காமச் சொல்லு தாயி. இதுக ராத்திரி தாண்டுமா?"

"தாண்டாது, மதினி."

"பாதித் தண்ணிய எறைச்சுட்டு வேற விட்டா?"

மற்றவர்களைவிட நல்ல கேள்வி. ஆனால் புது நிலத்தடித் தொட்டியில் சிமெண்ட் வாடை போகவில்லை. அதில் ஆட்கள் பிளீச்சிங் பவுடரைத் தாராளமாகக் கொட்டியிருந்தார்கள். அந்தத் தண்ணீர் பாலை விட மோசம். சொன்னேன்.

மதினி ஹால் பக்கம் பார்த்தார். "சாயந்தரம் ஊரே வரும். அத்தை அந்தத் தொட்டி முன்னாலதான் நாற்காலி போட்டு ஒக்காரும்." பிறகு குரலைத் தாழ்த்தினார். "அவ்வளவு செடி வச்சிருக்கியே. அதுக்குள்ள மீனு இருந்தாத் தெரியுமா, தெரியாதா?"

"தெரியாது."

"இல்லாட்டியும் தெரியாதுல்ல?"

இருபத்திரண்டு வருடத்தில் எங்கள் குடும்பத்தில் யாரும் இவரிடம் யோசனை கேட்டதில்லை என்பது அப்போது எனக்கு உறைத்தது.

சாப்பிட்ட ஆண்கள் மாடியில் ஏசி அறையில் உருண்டுவிட்டார்கள். அத்தை ஒரு அறையில் வாயைத் திறந்து தூங்கினார். "சாமி எடத்தத் துடைக்கப் போறோம், யாரும் வராதீக" என்று மதினி ஹால் கதவைச் சாத்தினார். நான் ஓடிப்போய் என் வலையையும், கல் வைத்து மூடியிருந்த பழைய தண்ணீர் ஒரு குடமும் கொண்டுவந்தேன். பந்தியில் சாம்பார் பரிமாறிய வாளிகள் கழுவிக் கவிழ்த்திருந்தன. மூடி போட்டவற்றில் இரண்டை எடுத்தோம். எண்ணெய்ப் பிசுக்குப் போக நான் சுடுதண்ணீரில் மறுபடி தேய்த்தேன். மதினி மோந்து பார்த்து, "இன்னும் பெருங்காயம் அடிக்குது" என்றார். இன்னொரு தடவை தேய்த்தேன்.

மூடி முழுவதும் திறக்காத அந்தத் தொட்டிக்குள் வலையை விட்டு, கை முட்டி சிராய்த்துக்கொண்டு, ஒன்பதையும் பிடித்தோம். கடைசி மீனுக்கு வால் மடங்கியிருந்தது. வலையில் துடிக்கவும் இல்லை. மதினி அதைத் தன் கையாலேயே வாங்கி வாளியில் விட்டார்.

கல்யாண வீட்டிலிருந்தோ விசேஷ வீட்டிலிருந்தோ ஒரு பெண் மூடிய வாளியோடு வெளியே போனால் எங்கள் ஊரில் யாரும் ஏன் என்று கேட்பதில்லை. வாசலில் இருந்த பந்தல்காரர் மட்டும், "சாம்பாரு மிஞ்சிருச்சா அக்கா?" என்றார்.

"ஆமா."

"நல்லா இருந்துச்சு, இல்ல?"

வீட்டுக் கொல்லையில் நீல டிரம் ஒன்று சும்மா கிடந்தது. என் ஃபில்டரைத் திறந்து, ஆறு வருடம் ஊறிக் காபி நிறமான பஞ்சில் பாதியை வெட்டி எடுத்தேன். என் தொட்டியிலிருந்து பாதி உயிரை எடுக்கிற மாதிரிதான் அது. என் மீன்களுக்கு அன்று தீனியைப் பாதியாகக் குறைக்க வேண்டியிருந்தது. பிடித்து வைத்திருந்த மீதித் தண்ணீரை டிரம்மில் நிரப்பி, பஞ்சை அதில் கட்டி, காற்று மோட்டாரைப் போட்டு, வாளித் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பழக்கி, மீன்களை விட்டேன். எட்டு மீன்கள் கீழே போயின. வால் மடங்கியது பக்கவாட்டில் சாய்ந்து மேலேயே நின்றது. மேலே வலை போட்டு மூடிவிட்டு மறுபடி விசேஷ வீட்டுக்குப் போனேன்.

மாலையில் நான் பார்த்ததை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. அண்ணன் விருந்தாளிகளைக் கூட்டம் கூட்டமாக அந்தத் தொட்டியின் முன்னால் நிறுத்தினார். உள்ளே கலங்கல் தண்ணீர், செடி, ஒரு மல்லிகைப் பூ. வேறொன்றும் இல்லை.

"செடிக்குள்ள ஒளிஞ்சிருக்குக. புது எடம்ல, கூச்சம்" என்றார் மதினி, தட்டில் சந்தனத்தை நீட்டிக்கொண்டே.

"ஆமா ஆமா, அந்தா வால் தெரியுது" என்றார் ஒருவர், வங்கியில் மேலாளராக இருப்பவர்.

"அது இல்லங்க. இங்குட்டு வாங்க, இங்குட்டு நின்னு பாத்தா ரெண்டு தெரியும்" என்றார் அவர் மனைவி.

அண்ணன், "இது மட்டும் இல்ல, இன்னும் உள்ள இருக்கு. மொத்தம் ஒம்பது" என்றார். "ஃபாரின் ஃபில்டர் போட்டிருக்கு" என்றும் சொன்னார். அந்த ஃபில்டர் மாடிப்படிக்குக் கீழே பெட்டிக்குள் இருந்தது.

சாக்கோட்டையிலிருந்து வீடு கட்ட ஆலோசனை கேட்க வந்த ஒருவர், கண்ணாடியில் மூக்கு ஒட்டும்வரை குனிந்து, "என்ன கலரு, என்ன கலரு" என்றார். மதினியின் அண்ணன் பெருமையோடு, "காலைல நான் கொண்டாந்தப்ப இவ்வளவு சைசு இல்ல. இங்க வந்ததும் தெளிஞ்சிருச்சுக, பாத்தீகளா?" என்றார். தண்ணீர் ஏன் வெள்ளையாக இருக்கிறது என்று ஒரு சின்னப் பெண் கேட்டாள். அவள் அம்மா அவள் வாயைப் பொத்தினாள்.

அத்தை தன் நாற்காலியில்தான் இருந்தார். மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு வெகுநேரம் உள்ளே பார்த்தார். மதினி சந்தனத் தட்டை அவருக்கு முன்னால் நீட்டினார்.

"பாலு குடிச்சதும் அதுக நல்லா அடங்கித் தூங்குதுக" என்றார் அத்தை.

ஒரு மீன்கூட இல்லாத தொட்டியில் ஊரே மீன் பார்த்தது. படித்தவர், படிக்காதவர், வீடு கட்டியவர், கட்டப்போகிறவர் எல்லோரும் பார்த்தார்கள். தெரியவில்லை என்று சொல்ல ஒருவர் இல்லை. மூன்று மாதம் நான் வரைந்து கொடுத்த திட்டத்தில் இவர்களுக்குத் தேவைப்பட்டது செடி ஒன்றுதான்.

வீட்டுக்கு வந்ததும் டிரம்மைப் பார்த்தேன். வால் மடங்கிய மீன் சாய்ந்தபடியே இருந்தது. அதற்கு நான் செய்யக்கூடியது வேறொன்றும் இல்லை. நாள்குறிப்பை எழுதிவிட்டுப் படுத்தேன்.

மறுநாள், ஜூன் 10, திங்கட்கிழமை. எழுந்ததும் நேராகக் கொல்லைக் கதவைத் திறந்தேன். டிரம்முக்குப் பக்கத்தில் மதினி நின்றுகொண்டிருந்தார். கையில் கோல மாவு ஒட்டியிருந்தது. வாசலில் கோலத்தைப் பாதியில் விட்டுவிட்டு வந்திருக்கிறார். வலையைத் தூக்கிப் பார்க்கப் பயந்து, எனக்காகக் காத்திருந்திருக்கிறார்.

வலையை எடுத்தேன். இருவரும் குனிந்து எண்ணினோம். மதினி ஏழில் தப்பவிட்டு மறுபடி முதலிலிருந்து எண்ணினார். ஒன்பதும் இருந்தன. வால் மடங்கியதும் நேராக நின்று, பஞ்சைக் கொத்திக்கொண்டிருந்தது.

"என்ன செய்ய, இப்ப கொண்டுபோய் விட்டுரலாமா?" என்றார்.

"இன்னும் ஒரு மாசத்துக்கு விட முடியாது, மதினி. அதுக்கு மேலயும் அந்தத் தொட்டி இதுகளுக்குப் பத்தாது."

"அப்ப அங்க ஒளிஞ்சே இருக்கட்டும்" என்றார் மதினி.

சோதனைக் குழாயில் தண்ணீர் எடுத்து, அமோனியா காட்டும் மருந்தைச் சொட்டு விட்டுப் பார்த்தேன். மஞ்சளாக இருக்க வேண்டிய நிறம் லேசாகப் பச்சைக்குப் போயிருந்தது, விஷம் ஏறத் தொடங்கியிருந்தது. ரப்பர் குழாயின் ஒரு முனையை மதினியிடம் கொடுத்தேன். முகம் கழுவுமுன், காபி போடுமுன், டிரம்மிலிருந்து மூன்றில் ஒரு பங்கு தண்ணீரை இறக்கி முருங்கை மரத்தடியில் விட்டோம்.